பந்து வீசலாம், தலைமை ஏற்கக் கூடாதா?

ஒரு விளையாட்டு வீரரின் ஆட்டக்காலம் ஏன் முடிகிறது என்று கேட்டால் நாம் மூன்று காரணம் சொல்வோம். வயதாகிவிட்டது, காயம் பட்டுவிட்டது, ஆட்டம் சரிந்துவிட்டது. நான்காவதாக ஒரு காரணம் உண்டு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. 'இவன் ஆடினால் நாங்கள் ஆட மாட்டோம்' என்று எதிரே நிற்பவன் சொல்வதுதான் அது. அமெரிக்காவில் அது நிறத்தைக் காட்டிச் சொல்லப்பட்டது, இங்கே சாதியைக் காட்டி. அப்படி ஆட்டக்காலம் குறுக்கப்பட்ட இருவரைப் பற்றி நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். இன்னொருவர் நம் நாட்டின் முதல் பெரிய பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு.

42 ஆட்டங்கள்

பேஸ்பால் அமெரிக்காவில் நம்மூர் கிரிக்கெட் மாதிரி. பந்து எறிபவருக்கு எதிரே, மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் ஒருவர் இருப்பார். நம் விக்கெட் கீப்பர் போல என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து எந்த மாதிரிப் பந்து எறிய வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவது அவர் வேலை. வாக்கர் அந்த இடத்தில் ஆடியவர். 1856இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில் படித்தார், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார். அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் ஒரு கறுப்பின இளைஞர் இத்தனை தூரம் படித்ததே பெரிது. அதற்கு மேல் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடும் தொழில்முறை வீரரும் ஆனார்.

1883இல் டொலிடோ நகர அணியில் சேர்ந்தார். அந்த ஆகஸ்டில் சிகாகோ அணி அங்கே காட்சி ஆட்டம் ஆட வந்தது. அதன் தலைவர் கேப் ஆன்சன் அன்றைய அமெரிக்காவின் பெரிய நட்சத்திரம். 'கறுப்பன் ஆடினால் நாங்கள் களம் இறங்க மாட்டோம்' என்றார். வாக்கர் அன்று கைக் காயத்தால் ஓய்வில் இருந்தவர். டொலிடோவின் மேலாளர் சார்லி மார்ட்டன் ஆன்சனின் மிரட்டலைக் கேட்டதும் வேண்டுமென்றே அவரைக் களத்தில் இறக்கினார். ஆடாமல் போனால் டிக்கெட் வசூலில் பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும் ஆன்சன் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். ஒருவர் துணிந்து நின்றதால் அன்று ஒரு தடை உடைந்தது.

1884 மே 1ஆம் தேதி வாக்கர் நாட்டின் மேல்மட்ட லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டு மொத்தம் 42 ஆட்டங்கள். அணியின் முக்கியப் பந்து எறிபவர் டோனி முல்லேன் வாக்கரின் சைகையை மதிக்கவே இல்லை. தன் விருப்பத்துக்கு எறிந்தார். எந்தப் பந்து எங்கே வரும் என்று தெரியாமல், இன்றைய கனத்த கையுறை எதுவும் இல்லாத காலத்தில், வாக்கர் அவற்றைப் பிடித்தார். தான் பார்த்தவர்களில் சிறந்த பந்து பிடிப்பாளர் வாக்கர்தான் என்று முல்லேனே பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒரு கறுப்பரின் சைகைக்குக் கட்டுப்பட மனம் வரவில்லை என்றும் அவரே சொன்னார். அந்த ஆண்டில் ரிச்மண்ட் நகரிலிருந்து, வாக்கர் அங்கே ஆட வந்தால் கூட்டமாகத் தாக்குவோம் என்று மிரட்டல் கடிதமும் வந்தது.

காயமும் சேர்ந்துகொள்ள, பருவம் முடியும் முன்பே அணி அவரை விடுவித்தது. காயம் ஆறியது. ஆனால் மேல்மட்ட லீக் அவரை மறுபடி அழைக்கவில்லை. கீழ்மட்ட லீக்குகளில் தொடர்ந்தார். 1887 ஜூலையில் ஆன்சன் அதே மிரட்டலோடு திரும்பவும் வந்தார். இந்த முறை வாக்கரும் சக கறுப்பின வீரர் ஜார்ஜ் ஸ்டோவியும் ஆடவில்லை. அதே நேரத்தில் அவர்கள் ஆடிவந்த இன்டர்நேஷனல் லீக், இனிக் கறுப்பினத்தவருடன் புதிய ஒப்பந்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. 1889உடன் வாக்கரின் ஆட்டம் முடிந்தது. மேல்மட்ட லீக்கில் அடுத்த கறுப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் களம் இறங்கியது 1947 ஏப்ரல் 15இல். இடையில் 63 ஆண்டுகள். இதற்குச் சட்டம் எதுவும் போடவில்லை. வெள்ளை முதலாளிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் இரட்டைக் குவளையை எந்தச் சட்டம் போட்டு வைத்தார்கள்?

நான்கு ரூபாய்ச் சம்பளம், மண் குவளையில் தேநீர்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பல்வங்கர் பாலு தோல் தொழில் செய்யும் சமார் சாதியில் பிறந்தவர். பிறந்த ஊர் தார்வாட். தந்தை ராணுவத்தில் வேலை பார்த்ததால் குடும்பம் புனேயில் இருந்தது. ராணுவ அதிகாரிகள் விட்டுப்போன பழைய மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பிகளுக்கும் கிரிக்கெட் கற்றுக்கொடுத்தன.

அவருடைய முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில் மைதானம் பெருக்குவது. மாதம் மூன்று ரூபாய். 1892இல் வெள்ளையர்களின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். மாதம் நான்கு ரூபாய். வலை கட்டுவது, ஆடுகளத்தை உருட்டுவது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. ஓய்வு நேரத்தில் வெள்ளைக்கார உறுப்பினர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசச் சொன்னார்கள். இடது கை சுழற்பந்து. அன்று இந்தியாவில் இருந்த சிறந்த ஆங்கிலேய மட்டைக்காரர்களில் ஒருவரான கிரெய்க் தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து பாலுவின் பந்தில் பயிற்சி செய்தார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. ஆயிரக்கணக்கான பந்துகள் பாலு வீசினார். ஆனால் அந்த வலையில் ஒரு நாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எஜமானனின் வேலை, பந்து வீசுவது வேலையாளின் வேலை என்பதே அங்கே வழக்கம்.

பாலுவின் பெயர் பரவியது. வெள்ளையர்களைத் தோற்கடிக்க ஆசைப்பட்ட புனே இந்துக்கள் சங்கத்துக்கு அவர் தேவைப்பட்டார். சங்கத்தில் இருந்த உயர்சாதியினர் தயங்கித் தயங்கித்தான் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த பிறகும் நடந்தது என்ன? தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு மட்டும் அரங்குக்கு வெளியே, குடித்ததும் உடைத்துப் போடும் மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவ வேண்டுமென்றால் ஓர் ஓரத்தில் ஒரு தலித் வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அவர் வீசிய பந்தைத் தொட்ட அதே கைகள்தான் அவர் குடித்த குவளையைத் தொடாமல் ஒதுக்கின. பந்தில் தீட்டு ஒட்டவில்லை, குவளையில் மட்டும் ஒட்டியது. இது எந்தச் சாத்திரத்தில் உள்ள கணக்கு என்று அன்றைய அறிஞர்கள் யாரும் விளக்கவில்லை.

சாத்தாரா வெள்ளையர் அணியைப் பாலு ஏழு விக்கெட் எடுத்து வீழ்த்திய பிறகுதான் நிலைமை கொஞ்சம் இளகியது. சேர்ந்து விளையாட முடிகிறது என்றால் சேர்ந்து உண்ணவும் குடிக்கவும் வேண்டும் என்று நீதிபதி ரானடே உயர்சாதி வீரர்களிடம் எடுத்துச் சொன்னார். பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது, இந்து ஜிம்கானா அணியிலும் இடம் கிடைத்தது. 1906இல் வெள்ளையர் அணியை இந்துக்கள் அணி 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய ஆட்டங்களில் அவர் காலெடுத்து வைத்ததே அப்போதுதான். அதற்குள் ஏறத்தாழ முப்பது வயதாகிவிட்டது. இளமையின் நல்ல காலமெல்லாம் அடுத்தவர் பயிற்சிக்குப் பந்து போட்டே கழிந்துவிட்டது.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் வரவேற்பு மடல் அளித்த இளைஞர் பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். அம்பேத்கர் அப்போது மாணவர். கல்வியில் அவர் திறந்து காட்டப்போகும் கதவை, மைதானத்தில் பாலு அதற்குள் தட்டிக்கொண்டிருந்தார்.

தலைமை மட்டும் கேட்காதே

பாலுவுக்கு முன்னால் இருந்த கடைசிக் கதவு திறக்கவே இல்லை. அது கேப்டன் பதவி. அனுபவத்தில் மூத்தவர், வெற்றிகளுக்குக் காரணமானவர், இங்கிலாந்து வரை பெயர் எடுத்தவர். ஆனாலும் 1910க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளும் இந்துக்கள் அணியின் தலைமை உயர்சாதியினர் கையிலேயே இருந்தது. 1913இல் கேப்டனாக நியமிக்கப்பட்ட எம்.டி.பை, இந்தப் பெருமை உண்மையில் பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பொதுமேடையிலேயே சொன்னார். சொல்வதற்கு ஒருவராவது இருந்தாரே என்று நாம் அவரை மதிக்கிறோம். ஆனால் தேர்வுக் குழு அசையவில்லை.

அசைத்தது எது? 1920இல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியில் இருந்தார்கள், மட்டை பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். இருவரும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். சாதிதான் காரணம் என்பதைப் பூசி மெழுகாமல் கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கும் கொடுத்தார்கள். தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. நிர்வாகிகள் பணிந்தார்கள். பாலு துணைக் கேப்டனாக அழைக்கப்பட்டார், தம்பிகளும் திரும்பினார்கள். ஆட்டத்தின் நடுவில் பை களத்தை விட்டு வெளியேறியபோது கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து, 1923இல், விட்டல் முழு கேப்டன் ஆனார். அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாலுவின் முதல்தரக் கிரிக்கெட் கணக்கு 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி பதினைந்து சொச்சம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் எத்தனை குறைவு என்பதும் புரியும்.

பாலுவை நாம் கடவுளாக்க வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு அரசியலுக்கு வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், நம் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா ஆகியோரின் கையெழுத்தோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலு 11,225 வாக்கு. தன்னை ஒரு காலத்தில் வாழ்த்தி வரவேற்றவரையே எதிர்த்து நிற்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் பேரைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் மைதானத்திலும் இருந்தார்கள், அரசியலிலும் இருந்தார்கள். 1955இல் பம்பாயில் மறைந்தார். அவரது அரசியலோடு நமக்கு முரண்பாடு உண்டு. அதற்காக அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி சிறியதாகிவிடாது.

நம் ஏரிக்கரையில் நடப்பது

நூறாண்டுக்கு முந்தைய கதை என்று இதை மூடி வைக்க முடியுமா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா தோற்றபோது, வந்தனா கட்டாரியா வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று அவர் குடும்பம் புகார் கொடுத்தது. சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து இந்தியாவைக் காப்பாற்றியிருந்தார். கிராமத்துக் கிரிக்கெட்டில் சாதி எப்படி அணி பிரிக்கிறது என்பதை 'லப்பர் பந்து' படம் காட்டியபோது நம் பையன்கள் திரையரங்கில் கைதட்டினார்கள். தங்கள் கதை என்பதால் தட்டினார்கள்.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரம் 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த எல்லைப் பகுதி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறோம். வாரம் முழுக்க விசைத்தறியில் நின்ற பையன் ஞாயிற்றுக்கிழமை மட்டையோடு ஏரிக்குள் இறங்குகிறான். கோடையில் தண்ணீர் வற்றிய ஏரிதான் நமக்கு மைதானம். மொழி நம்மைப் பிரிக்கவில்லை. அணி பிரிக்கும்போது மட்டும் ஊர் வேறு, காலனி வேறு என்று ஆகிவிடுகிறது.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் டோர்னமெண்ட் நோட்டீஸ்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். அணியின் பெயரைப் படித்தாலே அது எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரிந்துவிடுகிறதா? ஊர் அணியில் காலனிப் பையன் இருந்தால் அவன் எதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறான்? வேகமாகப் பந்து போடவா, வெயிலில் எல்லைக்கோட்டில் ஓடிப் பந்து பொறுக்கவா? முதல் மட்டை யாருக்கு? டாஸ் போட நடுவே போவது யார்? கோப்பை வாங்க மேடை ஏறுவது யார்? அந்தக் கோப்பை கடைசியில் யார் வீட்டு அலமாரியில் போய் உட்காருகிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பையன் பாலுவைப் படிக்காமலேயே பாலுவைப் புரிந்துகொள்வான்.

பெண் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். பள்ளி மைதானத்தில் கோ-கோவும் கபடியும் ஆடிப் பரிசு வாங்கும் காலனிப் பெண், பத்தாம் வகுப்பு தாண்டியதும் ஆட இடமில்லாமல் வீட்டோடு நின்றுவிடுகிறாள். வாக்கரின் 42 ஆட்டம்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழிக்கிறது. பொது வளங்களைப் பயன்படுத்தவிடாமல் நம்மைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஏரிப் புறம்போக்கும் ஊராட்சி மைதானமும் யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை.

இரண்டாவது, ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டுக் கருவிகள் வழங்கியிருக்கிறது. மட்டை, பந்து, வலை எல்லாம் பெட்டியில் வந்தன. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் கிராம சபையில் கேளுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஊர், காலனி என்று பிரிக்காமல் ஒரே அணி, வாரத்தில் குறித்த நாள்களில் பெண்களுக்கு மைதானம், கேப்டனை ஆட்டத்தைப் பார்த்துத் தேர்வு செய்வது ஆகிய மூன்றையும் தீர்மானமாகக் கேட்கலாம்.

மூன்றாவது, உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வேகமாக ஓடும் காலனி மாணவனைக் கண்டால் நீங்கள் மகிழ்ச்சியோடு அணியில் சேர்க்கிறீர்கள். ஒரு பருவத்துக்கு அவனைக் கேப்டனாகவும் போட்டுப் பாருங்கள். மற்ற பதினான்கு பேரும் அவன் சொல் கேட்டு நிற்கப் பழகுவார்கள். அதுவும் உங்கள் பாடத்திட்டம்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் மாவட்ட, மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். யாரை அனுப்புகிறோம் என்பது ஒரு குடும்பத்தின் சோற்றோடு சேர்ந்த விஷயம்.

நான்காவது, ஊர் அணியில் ஆடும் மற்ற சாதி இளைஞர்களுக்கு. மார்ட்டன் ஒரு நாள் துணிந்து நின்றார், வாக்கர் ஆடினார். பிறகு நிற்க ஆள் இல்லை, வாக்கரின் ஆட்டம் முடிந்தது. உங்கள் நண்பனைச் சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லும்போது, அவன் இல்லாமல் நாங்கள் ஆட மாட்டோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். விட்டலும் சிவராமும் தம்பிகளாக இருந்ததால் விலகினார்கள். நண்பர்களுக்கும் அந்தக் கடமை உண்டு.

கடைசியாக நம் மாணவர்களுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தேதி, இடம், யார் எத்தனை ரன், யார் எத்தனை விக்கெட், யார் கேப்டன் என்று எழுதி வையுங்கள். வாக்கர் 42 ஆட்டம் ஆடினார் என்று 140 ஆண்டு கழித்தும் நாம் உறுதியாகச் சொல்ல முடிவது, அன்று யாரோ ஸ்கோர் எழுதி வைத்ததால். விட்டல் மராத்தியில் 'மாஜே கிரீடா ஜீவன்' என்று தன் விளையாட்டு வாழ்க்கையை 1948இல் எழுதி வைத்ததால்தான் அந்தச் சகோதரர்களின் கதை காற்றோடு போகாமல் நம் கைக்கு வந்தது. நம் ஏரிகளில் ஆடிய எத்தனை பாலுக்களின் பெயர் எழுதப்படாமலே போனது! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலிருந்து அந்த நோட்டைத் தொடங்குங்கள். கேப்டன் பெயர் எழுதும் இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அதில் ஒரே தெருவின் பெயர்கள் வந்தால், அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.